முனியாண்டி கேட்ட துப்பாக்கி

துப்பாக்கி தோளில் ஏறிய முதல் வாரத்தில் எல்லோருக்கும் நடை மாறிவிடுகிறது. எனக்கும் மாறியது. மெர்லிமாவில் வங்கி வாசலில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்தாலே திருடன் மலாக்காவை விட்டே ஓடிவிடுவான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திருடன் ஓடினானோ இல்லையோ, பக்கத்தில் நாசி லெமாக் விற்ற அக்கா என்னைப் பார்த்ததும் மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஆயுதக் காவலர் உரிமம் எடுத்துப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களைக் கம்பெனி விருந்தில் பார்த்தபோது எனக்கு அந்த நடைதான் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ள வேண்டாம் தம்பிகளா. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பணி ஓய்வு பெற்றவனைப் பேசச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்கள் மேனேஜருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேசச் சொல்லிவிட்டார், நானும் எழுதியே கொடுக்கிறேன். துப்பாக்கியைத் துடைப்பது, பூட்டுவது, கையெழுத்துப் போட்டு வாங்குவது எல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதையே நானும் சொன்னால் தூங்கிவிடுவீர்கள். பயிற்சியில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

இந்த வேலையில் நீங்கள் எந்தக் காப்பிக் கடையில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து கேட்பார். ஏன் தம்பி, இந்த ஊரில் நல்லவன் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்கிறார்கள், கெட்டவன் எங்கிருந்தோ வாங்கிவிடுகிறான், ஆளுக்கு ஒரு லைசென்ஸ் கொடுத்தால்தான் என்ன? இன்னொருவர் அடுத்த மேசையிலிருந்து, இருக்கிற லைசென்ஸையும் பிடுங்க வேண்டும் என்பார். கிளாஸில் தே தாரே டீ ஆறிப்போகும், சண்டை ஆறாது. யூனிபார்ம் போட்டிருப்பதால் நீங்கள்தான் நீதிபதி. நானும் பல வருஷம் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுப் பிழைத்தேன். செலண்டார் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலில் நடந்ததற்குப் பிறகு எனக்குத் தலையாட்ட வரவில்லை.

கொரோனா முடிந்து கோயில் திருவிழாக்கள் மறுபடி கூட்டமாக நடக்கத் தொடங்கிய வருஷம் அது. அந்த மாரியம்மன் கோயிலுக்கு நகைகள் உண்டு. தோட்டத்தில் பிறந்து வெளியே போய்ச் சம்பாதித்தவர்கள் ஆளுக்கொன்றாகப் போட்டது. வருஷம் முழுக்க வங்கிப் பெட்டகத்தில் இருக்கும், திருவிழா அன்று மட்டும் அம்மன் கழுத்துக்கு வரும். அந்தச் சமயத்தில் பக்கத்து ஊரில் ஒரு நகைக்கடையில் கொள்ளை நடந்திருந்தது. கமிட்டி பயந்துபோய் ஆயுதக் காவல் கேட்டது. கோயில் வசதிக்கு ஒரு ஆள், ஒரு துப்பாக்கி. அந்த ஆள் நான்.

எந்த இடத்தில் நிற்பது என்று முடிவு செய்ய என்னைக் கமிட்டி மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். தலைவர் முத்தையா. கோயிலுக்கு அந்தப் பக்கமே அவருக்கு எண்ணெய் எடுக்கும் செம்பனையும் டுரியானும் மரவள்ளியும் போட்ட தோட்டம் உண்டு. காட்டுப் பன்றி விரட்ட முறைப்படி லைசென்ஸ் எடுத்து ஒரு வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தார். நல்ல மனிதர். கோயிலில் அன்னதானம் என்றால் கடைசி ஆள் சாப்பிடும்வரை தானே வாளி தூக்குவார். ஆனால் அந்தக் கொள்ளைச் செய்தி வந்ததிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை. நகைக்குப் பொறுப்பு அவர். மீட்டிங்கில் என்னைப் பார்த்துப் பேசுவதைவிட ஊரைப் பார்த்துத்தான் பேசினார்.

"போலீஸ் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும் லா. இந்தக் கமிட்டில ஆளுக்கு ஒரு லைசென்ஸ் இருந்தா எவன் கிட்ட வருவான்?" என்றார்.

செயலாளர் வசந்தா டீச்சர், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பாதி கமிட்டிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"போன வருஷம் கணக்குக் கேட்டதுக்கு நாற்காலியத் தூக்கி அடிச்சிக்கிட்டீங்க. ஆளுக்கு ஒரு துப்பாக்கி வேறயா?"

தலைவர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் டீச்சர் விடவில்லை. துப்பாக்கி உள்ளே வரக் கூடாது, அம்மன் சந்நிதியில் அது ஆகாது என்றார். தலைவர், உள்ளே நிற்காத காவல் எதற்கு என்றார். பாதி மீட்டிங் இதிலேயே போனது. மீதிப் பாதி என் சப்பாத்தில் போனது. கோயில் வளாகத்துக்குள் யாரும் காலணியோடு நிற்க முடியாது, நானோ பூட்ஸ் போட்ட யூனிபார்ம்காரன். கடைசியில் வளாகத்துக்குள், ஆனால் மண்டபத்துக்கு வெளியே, வெறுங்காலோடு நிற்பதென்று முடிவானது. இடத்தையும் தலைவரே சொன்னார். வாசலுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் மாமரத்தடியில் முனியாண்டி சிலை இருக்கிறது. காவல் தெய்வத்துக்குப் பக்கத்தில் காவல்காரன், பொருத்தமாக இருக்கும் என்றார். கமிட்டி முழுக்கக் கைதட்டியது. எனக்கும் அது ரொம்பப் பெருமையாக இருந்தது.

நாங்கள் எல்லோரும் தோட்டத்தில் பிறந்தவர்கள். உறுமி அடித்தால் முனியாண்டி யார் மேல் வரும், வந்தால் என்ன கேட்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எங்கே திருடன் வருவான் என்று யோசித்தோமே தவிர, எங்கே சாமி வரும் என்று யோசிக்கவில்லை.

திருவிழா அன்று காலை பால்குடம். பெண்கள் மஞ்சள் புடவையில் தலையில் குடத்தோடு வாசலுக்குள் வந்து நிற்கிறார்கள். நான் மாமரத்தடியில் வெறுங்காலோடு, யூனிபார்மும் பம்ப் கன்னுமாக நிற்கிறேன். ஓடுகள் பதித்த தரையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கும் ஆயுதக் காவலரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உறுமி ஆரம்பித்தது. பால்குடத்துக்கு முன்னால் வழி விலக்கிக்கொண்டு வந்த கன்னியப்பன் ஆட ஆரம்பித்தார்.

கன்னியப்பன் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர். சாதாரண நாளில் அவர் குரலைக் கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் போய்க் காதை வைக்க வேண்டும், அத்தனை சாது. வருஷத்தில் இந்த ஒரு நாள் முனியாண்டி அவர் மேல் வரும். வந்தால் சுருட்டு கேட்கும், பாராங் கத்தி கேட்கும், வாங்கிக்கொண்டு நாலு பேருக்குக் குறி சொல்லி விபூதி போட்டுவிட்டு மலையேறும். அன்றைக்கும் பாராங்கைக் கொடுத்தார்கள். கையில் வாங்கினார். பிறகு அவர் கண் என் தோளுக்கு வந்தது.

நேராக என்னிடம் வந்து நின்றார். இடது கையை நீட்டினார்.

"என் எல்லையில நின்னுகிட்டு என் ஆயுதத்த நீ வச்சிருக்கியாடா? குடு."

உறுமி நிற்கவில்லை. சுற்றி நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு அடங்கியது, பிறகு என்னையே பார்க்க ஆரம்பித்தார்கள். குடுத்திடுங்கண்ணே, சாமி கேக்குது என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். கேட்டதைக் கொடுக்காவிட்டால் குத்தமாகிவிடும் என்று ஒரு அம்மா பின்னாலிருந்து சொன்னார். பூசாரி கருவறைக்குள் அபிஷேகத்தில் இருந்தார். தலைவர் அப்போது அங்கே இல்லை, தோட்டத்திலிருந்து வாழைத்தார் கொண்டுவரப் போயிருந்தார்.

இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? கொடுக்க முடியாது, அது எல்லோருக்கும் தெரியும். நம் துப்பாக்கி நம் கையை விட்டுப் போனால் அன்றோடு வேலை போச்சு, வேலை போவது பெரிதில்லை, சாமி வந்த ஒருவர் கையில் அது என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும். மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. நான் மாட்டேன் என்று சொன்னால் அவர் பிடிப்பார், நான் இழுப்பேன். ஒரு துப்பாக்கியின் மேல் இரண்டு பேர் கை இருப்பதைவிட மோசமான நிலைமை நம் தொழிலில் கிடையாது. ஓடலாமா என்றால், சாமி துரத்தும், சாமிக்குப் பின்னால் கூட்டமும் துரத்தும். நகை அம்மன் கழுத்தில் இருக்க, காவல்காரன் செம்பனைக் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருப்பான்.

கோயிலில் ஒரு மனிதன் எதைச் செய்தால் யாரும் அவனைத் தொட மாட்டார்கள் என்று யோசித்தேன். யோசித்தேன் என்று இப்போது சொல்கிறேன், அப்போது உடம்புதான் முடிவு செய்தது. துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினேன். குண்டு அறைக்குள் ஏறவில்லை என்று விரலால் உறுதி செய்துகொண்டேன். குழாய் முனை மாமரத்து மண்மேட்டைப் பார்க்கிற மாதிரித் தரையில் வைத்தேன். அதன் மேலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டேன்.

சாமி காலில் விழுந்தவனை யார் பிடித்து இழுப்பார்கள்? கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. துப்பாக்கி என் வயிற்றுக்கு அடியில். விலா எலும்பில் அது குத்திய இடம் அடுத்த வாரம் வரை வலித்தது, ஆனால் அந்த நிமிஷத்தில் அதைவிடப் பத்திரமான இடம் மலாக்காவிலேயே இல்லை. எழுந்திரிடா என்றது சாமி. நான் எழுந்திருக்கவில்லை. சாமி, நீங்க விபூதி போட்டு மலையேறுங்க, அப்புறம் எழுந்திருக்கிறேன் என்றேன். ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு பாராங் மேலே போயிற்று. அது பயப்படுகிற விஷயமில்லை. பாராங்கின் தட்டைப் பக்கத்தை முதுகில் வைத்து ஆசீர்வாதம் செய்வது அங்கே வழக்கம். நான் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தேன். உள்ளுக்குள் என்னையே மெச்சிக்கொண்டுமிருந்தேன்.

தரையில் கன்னத்தை வைத்துக் கிடப்பவனுக்குக் கால்கள் மட்டும்தான் தெரியும். கொலுசுக் கால், மஞ்சள் பூசிய கால், வெடித்த குதிகால், எல்லாம் வெறுங்கால். அவற்றுக்கு நடுவில் வாசல் பக்கமிருந்து ஒரு ஜோடி சப்பாத்து வந்தது. தோட்டத்து மண் ஒட்டிய கறுப்பு ரப்பர் சப்பாத்து. கோயிலுக்குள்ளே.

தலையைக் கொஞ்சம் திருப்பினேன். தலைவர் முத்தையா. விடியற்காலையில் மரவள்ளியில் பன்றி இறங்கியிருக்கிறது, விரட்டிவிட்டு நேரமாகிவிட்டதே என்று வாழைத்தாரையும் துப்பாக்கியையும் ஒரே காடியின் பின் சீட்டில் போட்டுக்கொண்டு நேராக வந்திருக்கிறார். வாசலில் இறங்கியவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? அவர் கொண்டுவந்து நிறுத்திய காவல்காரன் குப்புறக் கிடக்கிறான். அவன் மேல் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு பாராங்கை ஓங்கி நிற்கிறான். பெண்கள் கூவுகிறார்கள். எத்தனையோ இரவாக அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த கொள்ளை அவர் கண் முன்னால் நடந்துகொண்டிருக்கிறது. துப்பாக்கி தோளுக்குப் போய்விட்டது. குழாய் கன்னியப்பன் முதுகைப் பார்த்தது. கன்னியப்பனுக்கு அந்தப் பக்கம் பால்குடங்கள்.

தம்பிகளா, வயிற்றுக்கு அடியில் துப்பாக்கி வைத்திருந்த ஆயுதக் காவலன் நான். ஒருவன் கூட்டத்தைக் குறி வைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். கையும் அடியில் நகரத் தொடங்கிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். நான் துப்பாக்கியோடு புரண்டு எழுந்தால் அவர் சுடுவார். அவர் சுடாவிட்டால் நான் சுடுவேன். யார் சுட்டாலும் செத்துப்போவது நல்லவன்தான், ஏனென்றால் அந்த இடத்தில் கெட்டவன் என்று ஒருவன்கூட இல்லை. எனக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வரவில்லை. கத்தினால் அவர் விரல் அசைந்துவிடும் என்று தோன்றியது. படுத்தபடியே, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் சொல்கிற மாதிரிச் சொன்னேன்.

"தலைவரே, சப்பாத்து."

அவர் குனிந்து காலைப் பார்த்தார்.

அறுபது வயசு மனிதர். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கோயில் வாசலில் காலணியைக் கழற்றியவர். துப்பாக்கி அவரிடம் வந்து கொஞ்ச வருஷம்தான். எது பழசோ அது ஜெயித்தது. கண் கீழே போனதும் குழாயும் கூடவே கீழே போயிற்று. முகத்தில் கொள்ளைக்காரனைப் பார்த்த பயம் போய், எல்லோர் முன்னாலும் தப்புச் செய்துவிட்ட கூச்சம் வந்தது. ஒரு அடி பின்னால் எடுத்துவைத்தார். அதற்குள் வசந்தா டீச்சர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, அவருக்கும் கன்னியப்பனுக்கும் நடுவில் நின்றுகொண்டார். வகுப்பில் சத்தம் போட்ட பையனைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து என் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், தலைவர் துப்பாக்கியின் குழாயைப் பிடித்துத் தரைக்குத் தாழ்த்தி வாங்கினேன். குண்டை வெளியே எடுத்தேன். அவர் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்ற ஆரம்பித்தார். வார் எதுவும் இல்லாத ரப்பர் சப்பாத்து அது, இருந்தும் அவருக்குக் கழற்ற வரவில்லை.

கூட்டத்தில் பாதிப் பேருக்கு நடந்தது தெரியாது. பால்குடத்தைப் பிடித்துக்கொண்டு சாமியைப் பார்த்தவர்கள் வாசலைப் பார்க்கவில்லை. கன்னியப்பனுக்குச் சுத்தமாகத் தெரியாது. முனியாண்டி சுருட்டு வாங்கிப் பற்றவைத்து, நிம்மதியாக இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மலையேறிவிட்டது.

தலைவரைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போய் உட்கார வைத்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தோட்டத்துக்குக் கொடுத்த லைசென்ஸ், அதைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தது யார் கொடுத்த தைரியம் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கையில் காப்பி டம்ளர் தடதடவென்று ஆடியது.

"ஒன்ன வெட்டிட்டான்னு நெனச்சேன் லா தம்பி," என்றார்.

அதற்கு மேல் எனக்குக் கோபப்பட வரவில்லை. அந்த மனிதர் நகைக்காகத் துப்பாக்கி தூக்கவில்லை, எனக்காகத் தூக்கினார். காப்பிக் கடையில் இப்போது யாராவது நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தால் என்ன என்று கேட்டால் எனக்கு அந்த டம்ளர்தான் கண்ணில் வருகிறது. அவர் நல்லவர் இல்லை என்று யார் சொல்ல முடியும்? லைசென்ஸ் சரியாக இருந்தது, எண்ணம் சரியாக இருந்தது, குறியும் சரியாக இருந்தது.

ஆனால் விட முடியாது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும், மனிதர் நல்லவர், பாவம் என்று தோன்றும், விட்டுவிடாதீர்கள். தலைவரே, நீங்களே பாலாய் போலீசில் போய்ச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு கன்னியப்பன் வந்து, தலைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சாமி மலையேறினால் அவருக்குத் தாகம் எடுக்கும். தலைவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி மீதிக் காப்பியைக் குடித்தார். பிறகு வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டார்.

"தலைவரே, சாமி ஏதாச்சும் கேட்டுச்சா?"

தலைவர் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"துப்பாக்கி கேட்டுச்சு."

"குடுத்தீங்களா?"

"நாளைக்குக் குடுத்துடுறேன்."

மறுநாள் பாலாய்க்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். தலைவர், என்னால் காடி ஓட்ட முடியாது என்றார். ஆலைக்குப் பழம் ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் போகிறேன் என்று கன்னியப்பன் தன் லோரியில் ஏறச் சொன்னார். முன் சீட்டில் மூன்று பேர், நடுவில் தலைவர், துணியில் சுற்றிய துப்பாக்கி அவர் முழங்காலுக்கு இடையில். செலண்டாரைத் தாண்டியதும் தலைவர் பேச ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். தோளில் வைத்ததை, குறி பார்த்ததை, யார் முதுகு என்பதை, விரல் எங்கே இருந்தது என்பதை.

கன்னியப்பன் லோரியை ஓரம் கட்டினார். இஞ்சினை நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன். அவருடைய வழக்கமான குரலில், காதை வைத்துத்தான் கேட்க வேண்டும், இதை மட்டும் சொன்னார்:

"எனக்கு அந்தப் பக்கம் நின்ன மொதக் கொடம் எம் பொண்ணுதான் தலைவரே."

பிறகு கியரைப் போட்டார். பாலாய் வாசலில் நிறுத்தி எங்களை இறக்கிவிட்டார்.